வலையமைப்பைக் காப்போர்

பலர் கூடிப் பயன்கொள்ளும் பொருள் எதுவாயினும், அதனைப் பேணுவதற்கு ஒருவர் வேண்டும். ஏரி நிறைய நீர் இருந்தாலும், காலம் அறிந்து மடை திறந்து, முறை தவறாமல் வயல்தோறும் நீர் விடும் நீர்க்கட்டி இல்லையேல், மேல்மடையில் பயிர் அழுகும். கடைமடையில் பயிர் காயும். நீரைப் போலவே செய்தியும் இக்காலத்தில் பலருக்கும் பொதுவான செல்வமாகிவிட்டது. அலுவலகம், மருத்துவமனை, வங்கி, கல்லூரி ஆகிய இடங்களில் உள்ள கணினிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. ஒரு கட்டடத்திற்குள்ளோ ஒரு வளாகத்திற்குள்ளோ அமைந்த இத்தகைய பிணைப்பைக் குறும்பரப்பு வலையமைப்பு என்பர்; சுருக்கமாக 'லேன்' என்றும் வழங்குவர். இது தோன்றிய வரலாற்றையும், இதனை ஆண்ட பழைய மென்பொருள்களையும், இதனைக் காப்போர் இன்று ஆற்றும் பணிகளையும் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

கணினிகளை இணைக்க வேண்டும் என்ற எண்ணம் தேவையிலிருந்தே பிறந்தது. அமெரிக்க நாட்டில் கலிபோர்னியா மாநிலத்தின் பாலோ ஆல்ட்டோ நகரில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. 1973-ஆம் ஆண்டளவில் அங்கே ஆராய்ச்சியாளர்க்குத் தனித்தனியே 'ஆல்ட்டோ' என்னும் கணினிகள் உருவாகிவந்தன. விரைந்து அச்சிடும் லேசர் அச்சுப்பொறியும் அங்கேயே உருவாயிற்று. ஒவ்வொரு கணினிக்கும் ஓர் அச்சுப்பொறி வைப்பது இயலாத செயல். எனவே, எல்லாக் கணினிகளும் ஒரே அச்சுப்பொறியைப் பயன்படுத்துமாறு அவற்றைப் பிணைக்கும் பொறுப்பு ராபர்ட் மெட்காஃப் என்னும் இளைஞரிடம் வந்தது. டேவிட் பாக்ஸ் என்பவர் அவருக்குத் துணையாயினார்.

மெட்காஃபுக்கு வழிகாட்டியாய் அமைந்தது ஹவாய்த் தீவுகளில் நிகழ்ந்த ஒரு முயற்சி. கடலால் பிரிந்து கிடந்த அத்தீவுகளின் கணினி நிலையங்களை வானொலி அலைகளால் இணைத்து, நார்மன் ஆப்ரம்சன் தலைமையில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார் 1971-இல் 'அலோஹாநெட்' என்னும் அமைப்பை இயக்கினர். அதிலே பல நிலையங்கள் ஒரே அலைவரிசையில் செய்தி விடுத்தன. இரண்டு செய்திகள் மோதிச் சிதைந்தால், சிறிது பொறுத்து மீண்டும் விடுத்தன. இக்கருத்தையே மெட்காஃப் வானிலிருந்து கம்பிக்குக் கொண்டுவந்து திருத்தம் செய்தார்.

நல்லோர் கூடிய அவையில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேசமாட்டார். அவை அமைதியாய் இருக்கும்போதே ஒருவர் வாய் திறப்பார். தற்செயலாக இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால், இருவரும் நிறுத்திக்கொள்வர். பின்னர் அவர்களுள் ஒருவர் பேச, மற்றவர் கேட்பார். மெட்காஃப் வகுத்த முறையும் இத்தகையதே. ஒவ்வொரு கணினியும் கம்பியில் ஓசை உள்ளதா என்று முதலில் கேட்கும். இல்லையெனில் தன் செய்தியை விடுக்கும். மோதல் நேர்ந்தால் உடனே நிறுத்தி, வெவ்வேறு அளவான இடைவெளி விட்டு மீண்டும் முயலும். ஒளியைச் சுமந்து செல்வதாக முற்காலத்து அறிவியலார் கற்பித்துக்கொண்ட 'ஈதர்' என்னும் பொருளின் பெயரால் இதற்கு 'ஈதர்நெட்' என்று அவர் பெயரிட்டார். அதன் முதல் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். 1980-இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 10 மெகாபிட் வேகமுடைய ஈதர்நெட் முறையை வெளியிட்டன. இம்முறை சில திருத்தங்களுடன் 1983-இல் பொதுத் தரமாக ஏற்கப்பெற்றது. இப்பணிக்காக 2022-ஆம் ஆண்டிற்குரிய டூரிங் விருது மெட்காஃபுக்கு வழங்கப்பட்டது.

தொடக்கத்தில் இவ்வலையமைப்பைக் காத்தோர் பட்ட பாடு சிறிதன்று. ஒரே கேபிள் அறை அறையாகச் சென்றது. எல்லாக் கணினிகளும் அதிலேயே மாலையில் கோத்த மணிகள்போல் இணைந்திருந்தன. கேபிளின் இரு முனைகளிலும் அலை திரும்பி வராமல் தடுக்கும் சிறு முனைத்தடைகள் பொருத்தப்பட்டன. எவரேனும் மேசையை நகர்த்தும்போது ஓர் இணைப்பு கழன்றுவிட்டால், அந்தக் கேபிளைச் சார்ந்த வலையமைப்பு முழுவதும் செயலற்றுவிடும். பழுது எங்கே என்பது வெளியே தெரியாது. காப்பாளர் கேபிளை நடுவிலே பிரித்து, அங்கே முனைத்தடை பொருத்தி, எப்பாதி இயங்குகிறது என்று பார்ப்பார். இயங்காத பாதியை மீண்டும் இரண்டாகப் பிரிப்பார். இவ்வாறு பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே சென்று பழுதான இணைப்பைக் கண்டறிவார். பொறுமையும் தெளிந்த சிந்தனையும் இருந்தாலன்றி இப்பணி கைகூடாது.

1990-ஆம் ஆண்டில் இந்நிலை மாறத் தொடங்கியது. முறுக்கிய கம்பி இணைகளால் ஆன கேபிள் அவ்வாண்டில் தரப்படுத்தப்பட்டது. ஒவ்வொரு கணினியிலிருந்தும் 100 மீட்டருக்கு மேற்படாத தனிக் கேபிள் நடுவில் உள்ள ஒரு கருவிக்குச் சென்றது. ஒரு கேபிள் அறுந்தால் ஒரு கணினிக்கே இடையூறு, மற்றவை இயங்கும். அதே ஆண்டில் கலிபோர்னியாவில் 'கல்பனா' என்னும் பெயருடைய நிறுவனம் ஈதர்நெட் சுவிட்ச் என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வரும் செய்தியை எல்லார்க்கும் பரப்பாமல், உரிய கணினிக்கு மட்டும் சேர்ப்பிப்பது சுவிட்சின் இயல்பு. இன்றைய அலுவலகங்களின் சுவிட்சுகள் அவ்வழி வந்தவையே ஆகும்.

கம்பி இருந்தால் மட்டும் போதாது. அதன் வழியே செல்லும் செய்தியை ஒழுங்குசெய்யும் மென்பொருளும் வேண்டும். 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபின், அலுவலகங்களில் கணினிகள் பெருகின. ஆனால், ஒருவர் கணினியில் உள்ள கோப்பை மற்றவர் காண்பதற்கு வழியில்லை. வட்டில் படியெடுத்துக் கையிலே சுமந்து சென்றனர். செய்தியைச் சேமிக்கும் வன்தட்டுகளோ மிக்க விலையுடையவை. எனவே ஒரு பெரிய தட்டைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறை முதலில் எழுந்தது. ஆனால் அம்முறையில் ஒரு குறை இருந்தது. தட்டைப் பங்கு பங்காகப் பிரித்து ஒவ்வொருவர்க்கும் கொடுத்தனரேயன்றி, ஒரே கோப்பைப் பலர் பாதுகாப்பாகப் பயன்படுத்த வகைசெய்யவில்லை.

இக்குறையைத் தீர்த்த மென்பொருள்களுள் தலைசிறந்தது 'நெட்வேர்' ஆகும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நாவெல் நிறுவனம் 1983-இல் இதனை வெளியிட்டது. தட்டைப் பகிர்வதை விடுத்துக் கோப்பைப் பகிர்வதை இது கொள்கையாகக் கொண்டது. கோப்புகள் யாவும் சர்வர் என்னும் நடுக்கணினியில் இருக்கும். ஒருவர் ஒரு பதிவைத் திருத்தும்போது மற்றொருவர் அதனைத் திருத்த இயலாதவாறு சர்வர் பூட்டிவைக்கும். யார் எக்கோப்பைப் படிக்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்பதையெல்லாம் அதுவே முறைப்படுத்தும். எழுதிய செய்தியைத் தட்டிலிருந்து மீண்டும் படித்து, நினைவகத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். தட்டின் அப்பகுதி கெட்டிருந்தால், ஒதுக்கிவைத்த வேறு பகுதியில் அதனை எழுதும். தன் செயலைத் தானே சரிபார்க்கும் இப்பண்பு நெட்வேருக்கு நற்பெயர் தேடித் தந்தது.

நெட்வேர் சர்வரைக் காத்தோர்க்கு 'சூப்பர்வைசர்' என்னும் பெயரில் முழு அதிகாரமுடைய கணக்கு ஒன்று இருந்தது. 'சிஸ்கான்' என்னும் நிரலைத் திறந்து, புதிதாகச் சேர்ந்த பணியாளர்க்குப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுப்பர். பணியிலிருந்து நீங்கியவர் பெயரை நீக்குவர். 'பிகான்சோல்' என்னும் நிரலால் அச்சிடக் காத்திருக்கும் தாள்களின் வரிசையை ஒழுங்குசெய்வர். 'ஆர்கான்சோல்' என்பதன் துணையால் தம் இருக்கையிலிருந்தே சர்வரை இயக்குவர். நீலத் திரையில் மஞ்சள் எழுத்துக்களோடு விளங்கிய அந்நிரல்களில் தேர்ந்தவர்க்கு நாவெல் நிறுவனமே தேர்வு வைத்துச் சான்றிதழ் வழங்கியது. வலையமைப்பைக் காத்தல் ஒரு தனித்தொழிலாக மதிக்கப்பெற்றமைக்கு அச்சான்றிதழும் ஒரு காரணமாகும்.

ஆயினும் நெட்வேரிலும் ஒரு தொல்லை இருந்தது. தொடக்கப் பதிப்புகளில் ஒவ்வொரு சர்வரும் தன்னைப் பயன்படுத்துவோர் பட்டியலைத் தனித்தனியே வைத்துக்கொண்டது. நிறுவனத்தில் மூன்று சர்வர்கள் இருந்தால், ஒருவருக்கே மூன்று முறை கணக்குத் திறக்க வேண்டும். கடவுச்சொல்லையும் மூன்று இடங்களில் மாற்ற வேண்டும். ஆலமரத்தின் பெயரைத் தாங்கிய 'பேன்யன்' என்னும் மாசசூசெட்ஸ் மாநில நிறுவனம் தன் 'வைன்ஸ்' மென்பொருளில் இதற்கு 1980-களிலேயே தீர்வு கண்டது. அதன் 'ஸ்ட்ரீட்டாக்' என்னும் பெயரேடு, நிறுவனம் முழுவதிலும் உள்ள ஆட்களையும் அச்சுப்பொறிகளையும் ஒரே முறையில் பெயரிட்டுக் காட்டியது. நாவெல் 1993-இல் வெளியிட்ட நெட்வேர் நான்காம் பதிப்பிலும் இத்தகைய பொதுப் பெயரேடு இடம்பெற்றது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் 'ஆக்டிவ் டைரக்டரி' என்ற பெயரில் இதனைத் தன் மென்பொருளில் அமைத்தது.

இவற்றுள் பின்னையதே நிலைபெற்றது. 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. சர்வர் மெல்ல மெல்ல அலுவலகங்களில் இடம்பிடித்தது. இணையம் பரவியபோது, அதன் மொழியாகிய டி.சி.பி.–ஐ.பி. முறையை எல்லாரும் நாடினர். நெட்வேரோ ஐ.பி.எக்ஸ். என்னும் தன் சொந்த முறையையே நெடுங்காலம் தலைமையாகக் கொண்டிருந்தது. 1998-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலேதான் இணைய முறை அதற்கு இயல்பாக அமைந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2011-இல் நாவெல் நிறுவனம் பிறர் கைக்கு மாறியது. பேன்யன் நிறுவனமும் இன்று இல்லை. ஆனால் அவை கண்ட கருத்துகள் மறையவில்லை. பொதுப் பெயரேடு, கோப்பின்மேல் உரிமை, சரிபார்த்து எழுதுதல் ஆகியவை இன்றைய மென்பொருள்களிலும் வாழ்கின்றன. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் எழுதிய 'பிங்' என்னும் சிறு நிரலோ இன்னும் நாள்தோறும் பயன்படுகிறது. அது தொலைவில் உள்ள கணினியை ஓர் ஒலி கொடுத்து அழைத்து, மறுமொழி வருகிறதா என்று அறியும். பழுது என்று கேட்டவுடன் காப்பாளர் கை பெரும்பாலும் அதனையே முதலில் நாடும்.

வலையமைப்பு நன்கு இயங்கும்போது அதனை ஒருவரும் நினைப்பதில்லை. அது நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2002 நவம்பர் 13-ஆம் நாள், பாஸ்டன் நகரத்தில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் வலையமைப்பு தளரத் தொடங்கியது. வலையமைப்புகளில் ஒரு வழி பழுதானால் மறுவழி உதவட்டும் என்று இரண்டு வழிகள் அமைப்பதுண்டு. ஆனால் இருவழிகளும் ஒருசேரத் திறந்திருந்தால் செய்தி வட்டமாகச் சுழன்று, பெருகிப் பெருகி, வழி முழுவதையும் அடைத்துவிடும். இதனைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் 1985-இல் ஒரு முறையை வகுத்தார். சுவிட்சுகள் தமக்குள் பேசி, மிகையான வழிகளை மூடி, கிளை விரிந்த மரம்போல் ஒரே பாதையை அமைத்துக்கொள்வது அம்முறை. ஆனால் அது குறிப்பிட்ட தொலைவுக்கே செவ்வனே இயங்கும். அம்மருத்துவமனையின் வலையமைப்போ ஆண்டுதோறும் ஒட்டி ஒட்டி வளர்ந்து, அவ்வெல்லையைக் கடந்துவிட்டது. ஆய்வாளர் ஒருவர் பேரளவான செய்தியை அனுப்பிய நாளில், அதன் தாங்கும் ஆற்றல் முறிந்தது.

ஏறத்தாழ நான்கு நாள் வரை அங்கே கணினிகளை நம்ப இயலவில்லை. மருத்துவர்கள் மருந்துக் குறிப்பைத் தாளில் எழுதினர். ஆய்வுக்கூடத்தின் முடிவுகளை ஆட்கள் கையிலே எடுத்துக்கொண்டு தளந்தோறும் ஓடினர். பொறியாளர்கள் விரைந்து வந்து, புதிய கருவிகளை வரவழைத்து, உறக்கமின்றி உழைத்து, வலையமைப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சீர்செய்தனர். அதன்பின் அம்மருத்துவமனையின் தகவல் துறைத் தலைவராயிருந்த ஜான் ஹலம்கா செய்தது போற்றத்தக்கது. அவர் நிகழ்ந்ததை மூடி மறைக்கவில்லை. மற்ற மருத்துவமனைகள் இத்துன்பத்திற்கு ஆளாகாதிருக்கட்டும் என்று, தங்கள் வலையமைப்பில் இருந்த குறைகளை வெளிப்படையாக எடுத்துரைத்தார்.

இக்காலத்தில் பழுதோடு பகையும் சேர்ந்துகொண்டது. 2017 மே 12-ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் தீநிரல் உலகின் பல நாடுகளில் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்பது அதன் தீச்செயல். கோப்புகளைப் பகிர்வதற்காக 1980-களில் தோன்றிய பழைய முறை ஒன்றின் ஓட்டை வழியே அது கணினிக்குக் கணினி தாவியது. இங்கிலாந்தில் 236 அரசு மருத்துவமனை அமைப்புகளுள் 81-க்குக் குறையாதவை இதனால் இடையூறுற்றன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. மருந்து வந்து இரண்டு திங்கள் ஆகியும் அதனை உட்கொள்ளாதவையே நோயுற்றன. பழைய முறையைக் கைவிடுவதும், புதிய திருத்தத்தைக் காலத்தே இடுவதும் எத்துணை இன்றியமையாதவை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இன்று வலையமைப்பைக் காக்கும் பணி பலவாகக் கிளைத்துள்ளது. வலையமைப்புப் பொறியாளர், எவ்விடத்தில் எத்தனை சுவிட்சுகள் வேண்டும், கம்பியில்லா இணைப்பு எங்கெங்கே எட்ட வேண்டும் என்று திட்டமிடுவார். கணக்குப் பிரிவு, மாணவர் பிரிவு, விருந்தினர் பிரிவு ஆகியவற்றின் செய்திகள் ஒரே கேபிளில் சென்றாலும் ஒன்றோடொன்று கலவாதபடி, மென்பொருளால் வேலி அமைப்பார். வலையமைப்பு நிருவாகி நாள்தோறும் அதன் நலனைக் கண்காணிப்பார். சுவிட்சுகளும் சர்வர்களும் தம் நிலையைத் தாமே தெரிவிப்பதற்கு 1988-இல் வகுக்கப்பட்ட எஸ்.என்.எம்.பி. என்னும் முறை இதற்குத் துணைசெய்கிறது. பாதுகாப்பு அலுவலர் உள்ளே நுழையும் பகையைக் கண்டு தடுப்பார். உதவி மேசையில் இருப்போர், அச்சு வரவில்லை, கடவுச்சொல் மறந்தது என்று வருவோர்க்கு இன்சொல்லோடு விடை கூறுவர். சிறிய நிறுவனங்களில் இவை அனைத்தையும் ஒருவரே செய்வதும் உண்டு.

பழைய சர்வர்கள் பல இன்று அலுவலக அறையில் இல்லை. தொலைவில் உள்ள பெருந்தரவு மையங்களுக்குச் சென்றுவிட்டன. இதனால் காப்பாளர் வேலை குறைந்துவிட்டது என்று எண்ணுதல் தவறு. கோப்பு தொலைவில் இருந்தாலும், அதனிடம் செல்லும் வழி கட்டடத்திற்குள்ளேயே தொடங்குகிறது. அவ்வழி அடைபட்டால் எல்லாம் அடைபடும். வேலையின் இயல்பு மாறியுள்ளது என்பதே உண்மை. முன்னர் ஒவ்வொரு சுவிட்சையும் தனித்தனியே சீர்செய்தனர். இன்று அமைப்பு முழுவதையும் விதிகளாக எழுதிவைத்து, நூற்றுக்கணக்கான கருவிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்புகின்றனர். இதனால் நன்மை விரைவதுபோலவே பிழையும் விரையும். ஒரு விதியில் நேர்ந்த தவறு நொடிப்பொழுதில் எல்லாக் கருவிகளையும் சென்றடையும். ஆதலின் மாற்றத்தைச் செய்யுமுன் சிறிய அளவில் சோதித்துப் பார்ப்பதும், பழைய நிலைக்குத் திரும்ப வழிவைப்பதும் நல்ல காப்பாளர்க்கு இயல்பாகிவிட்டன.

கோப்புகளுக்குப் படி எடுத்துவைத்தலும் அவர்தம் தலையாய கடமை. இன்றியமையாத செய்திக்கு மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இருவகைக் கருவிகளில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பது இத்துறையார் போற்றும் விதி. படி எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து கோப்பை மீட்டெடுக்க முடிகிறதா என்று இடையிடையே சோதித்தும் பார்த்தல் வேண்டும். அவ்வாறே, எக்கேபிள் எங்கே செல்கிறது, எச்சர்வர் எதற்கு உரியது என்பவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். எல்லாவற்றையும் ஒருவர் நினைவிலேயே வைத்திருந்தால், அவர் விடுப்பில் சென்ற நாளில் நிறுவனமே தவிக்கும்.

இவ்வளவு அறிவும் பயன்பட வேண்டுமாயின் ஒழுக்கமும் உடன் வேண்டும். முழு அதிகாரமுடைய கணக்கைக் கையாள்பவர், பிறர் கடிதங்களையும் கணக்குகளையும் காணும் வாய்ப்புடையவர். கதவின் திறவுகோல் கையில் இருந்தும் வேலையின்றி உள்ளே செல்லாதவரே அப்பதவிக்கு உரியவர். அதனால்தான் அக்கணக்கை வேண்டியபோது மட்டும் பயன்படுத்துவதும், அதன்வழிச் செய்த செயல்களைப் பதிவேட்டில் குறித்துவைப்பதும் நல்ல நிறுவனங்களில் முறையாக உள்ளன.

வலையமைப்பைப் பயன்படுத்துவோர்க்கும் கடமை உண்டு. கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்லாதிருத்தல், அறியாத இடத்திலிருந்து வரும் கோப்பைத் திறவாதிருத்தல், திருத்தங்களை இடுமாறு கணினி வேண்டும்போது தட்டிக்கழிக்காதிருத்தல், பழுதைக் கண்டால் மறைக்காமல் உடனே தெரிவித்தல் ஆகியவை எவரும் செய்யக்கூடிய எளிய செயல்கள். இவற்றைப் பின்பற்றும் ஒவ்வொருவரும் வலையமைப்பின் காவலில் பங்குகொள்பவரே ஆவர். நள்ளிரவில் ஒரு மருத்துவமனையில் நோயாளி ஒருவரின் ஆய்வு முடிவு கணமும் தாழாமல் மருத்துவர் கண்முன் தோன்றுகிறது என்றால், அதற்குப் பின்னே எவரோ ஒருவர் முன்னமே எண்ணிச் செய்த வேலை இருக்கிறது. அவர் பெயரை நோயாளி அறியார், மருத்துவரும் அறியார். அறியாவிடினும், அவர்தம் விழிப்பினால் அன்றிரவு ஓர் உயிர் காக்கப்படுகிறது.